தாழ்ந்த காரும் உயர்ந்த பனியும்

கேள்வி: தரையை ஒட்டி ஓடும் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னுடையது. மொன்றியல் பனிக்காலத்தில் அதை ஓட்டலாமா?
– ஒரு வாசகர், மொன்றியல்

பதில்: தாராளமாக! முதலில் அதற்குச் செருப்பை மாற்றுங்கள். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடியை இழக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படியே கட்டாயம். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் அதையே போடுங்கள். பின்சக்கரம் உந்தும் கார் இது. வளைவில் ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று மிதித்தால் வால் தலையை முந்தப் பார்க்கும்.

டயர் வென்றாலும் உயரம் தோற்கும். காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பனி அகற்றும் வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன பனிவரப்பில் ஏறினால் வயிறு உட்கார்ந்துவிடும், சக்கரம் சும்மா சுற்றும். டிக்கியில் ஒரு மண்வெட்டி இருக்கட்டும். கிளப்பும் முன் புகைக்குழாய் வாயில் அடைத்த பனியை அள்ளுங்கள். இல்லாவிட்டால் விஷவாயு உள்ளே வரும். சாலையில் தூவும் உப்பு இரும்பை அரிக்கும். அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுங்கள்.

பனி கொட்டித் தீர்க்கும் நாளிலோ, நிலத்தடியில் ஓடும் மெட்ரோ இருக்கிறது. ஆசைக் காருக்கு ஓய்வு கொடுப்பதும் ஆசைதான்!