வீட்டுக்குள் ஓர் அக்னியூ

ஆம்பூரில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. மேஜைமேல் ஓர் ஆட்டுத்தோலை விரித்துப் போட்டால், அது உயிரோடு இருந்தபோது எந்த இடத்தில் முள்கம்பியில் உரசியது, எங்கே உண்ணி கடித்தது, உரிக்கிறபோது கத்தி எங்கே வழுக்கியது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட். எந்தத் தோலும் இதுவரை என்னிடம் எதிர்த்துப் பேசியதில்லை. அதே விரலோடு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன் பாருங்கள், அங்கேதான் வம்பு.

மச்சான் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்திகளைத் திருத்துவது என் ராத்திரி உத்தியோகம். ஆதாரத்தோடு நீளமாக எழுதி அனுப்புவேன். அவர் கைகூப்புகிற படம் ஒன்று போடுவார். விடிந்ததும் அதே செய்தி மறுபடி வரும், கூடவே ஒரு ரோஜாப்பூ.

விருந்தாளி என்றாலும் விடமாட்டேன். ஆம்பூர் பிரியாணி என்றால் சீரகச் சம்பா, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். இது என் வீட்டுச் சட்டம். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர் சால்னா கேட்டார். கத்திரிக்காயின் மகிமையை நான் விளக்க விளக்க, அவர் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து என் மனைவி, “இன்னாங்க, அவங்க வாயி, அவங்க வயிறு. நீங்க எழுந்து சொம்புல தண்ணி எடுத்துகினு வாங்க” என்றாள். தண்ணீர் எடுத்து வந்தேன். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தக் கிளம்பிய மாவட்ட நிர்வாகமே, மாட்டுக்கறி பிரியாணியை விட்டுவிட்டதால் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தது. யார் எதைச் சாப்பிடுவது என்பதில் கலெக்டர் ஆபீசுக்கே அந்தக் கதி. எனக்கு ஒரு சொம்போடு போனது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மகன் வளர்க்கிற தாடிதான் தாங்க முடியவில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்குப் படிக்கிறான். “நாளைக்குள்ள எடுத்துடணும்” என்று இட்லி வேளையில் உத்தரவு போட்டேன். அவன் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே, “இன்னாப்பா, அக்னியூ மாதிரி பேசுற?” என்றான்.

அக்னியூ யாரென்று வேலூர்க் கோட்டையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கணும், மீசை ஒரே அளவில் இருக்கணும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் உத்தரவு வந்தது. தலைமைத் தளபதி கிரடோக், கவர்னர் பெண்டிங். படை அதிகாரி அக்னியூ கொண்டுவந்த புதுத் தலைப்பாகையில் தோலால் ஒரு குஞ்சம் வேறு. இன்றைக்குத் தோலை நம்பிப் பிழைக்கிற வட்டாரத்தில், அன்றைக்குத் தோலாலேயே வந்தது வினை. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அடக்கியபோது, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். வெள்ளைக்காரர்களிலும் நூறு பேருக்கு மேல் பலி. அத்தனையும் ஆன பிறகு உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். மயிரை ஆளப் போனவர்களுக்கு முதலிலேயே இது தோன்றியிருக்கலாம்.

பீரங்கியும் கவர்னர் பங்களாவும் வைத்திருந்தவர்களுக்கே ஒரு மீசை வசப்படவில்லை. என் கையில் இருப்பதெல்லாம் டி.வி. ரிமோட், அதுவும் சீரியல் நேரம் போக.

தாடி இப்போது மார்பை எட்டப் பார்க்கிறது. சால்னாவுக்கும் அனுமதி கொடுத்தாயிற்று; யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கிரடோக்கையும் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. என்னைத் திருப்பி அழைத்துக்கொள்ள எந்த ஊரிலும் ஆளில்லை. ஆகையால் இந்த வீட்டிலேயே, இவர்களோடுதான் இருக்கப்போகிறேன்.