முந்தின வசனம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தேவன் காலை நாலரை மணிக்கே பேச ஆரம்பித்துவிடுகிறார். முதல் ஆள் நாகர்கோவில் சித்தப்பா. கடலுக்கு மேலே சூரியன், சூரியனுக்கு மேலே மஞ்சள் எழுத்தில் வசனம். அடுத்த நிமிஷமே பஹ்ரைனில் இருக்கும் அவர் மகள் ஒரு ரோஜாவையும் ஒரு வசனத்தையும் அனுப்புவாள். அங்கே அப்போது ராத்திரி இரண்டு மணி. இந்தப் பெண் எப்போதுதான் தூங்குகிறாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு வசனம் வரும். ஐந்தரைக்கு ஓர் ஊழியக்காரரின் மூன்று நிமிஷச் செய்தி, பின்னணியில் கீபோர்டு உருக. ஆறு மணிக்கு, எண்ணத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்கிற வகையறா. பல் துலக்கி முடிப்பதற்குள் பிரபஞ்சமும் பரலோகமும் சேர்ந்து என்னை நேசிப்பதாக உறுதி கிடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் வரிசையாக ‘ஆமென்’ விழும். கூப்பிய கைகள் விழும். ஒரு தடவை சித்தப்பா கைதவறி முந்தின வருஷத்துப் படத்தை, தேதியோடு, அனுப்பிவிட்டார். அதற்கும் ஆமென் குறையவில்லை. வேத வசனம் பழசாகாது என்பது சரிதான்.

நான் வளர்ந்தது நாசரேத் பக்கத்தில், தேரி மணலும் பனையுமான ஊர். அங்கே ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு வசனம்தான். டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனை. பாதிச் சபை தூங்கி வழியும். பன்னிரண்டு அடித்து, கோயில் மணி ஓய்ந்து, பாட்டு முடிந்ததும் ஐயர் தட்டோடு வந்து நிற்பார். (நெல்லைச் சீமையில் சி.எஸ்.ஐ. குருவானவர் ‘ஐயர்’தான். சென்னை நண்பர்களுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.) தட்டில் வாக்குத்தத்த அட்டைகள், எழுத்துப் பக்கம் கவிழ்த்தபடி. ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது எடுத்ததுதான். மாற்றிக் கொடுங்கள் என்று ஐயரிடம் கேட்க எவருக்குத் துணிச்சல்? வீட்டுக்கு வந்து சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அலமாரிக் கண்ணாடியின் மூலையில் ஒட்டினால், அடுத்த டிசம்பர் வரை அது அங்கேயே இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரியப்பாவுக்கு ஒரு வருஷம் ஏசாயா 46:4 வந்தது. தலை நரைத்த பிறகும் தாங்குவதாகத் தேவன் சொல்லுமிடம். பெரியப்பா அப்போது நாற்பதைத் தாண்டி, யாருக்கும் தெரியாமல் மீசைக்கு மை பூச ஆரம்பித்திருந்தார். வீட்டில் முகம் பார்க்க அந்த ஒரு கண்ணாடிதான். மை பூசும் ஒவ்வொரு காலையும் வசனம் அவர் கண்ணுக்கு நேரே நிற்கும். பிப்ரவரியில் முறைத்தார். ஜூனில் முனகினார். அக்டோபர் வாக்கில் மைக்குப்பியைக் கொல்லையில் எறிந்துவிட்டார். ஒரு மனுஷனின் எண்ணம் மாறியதை எங்கள் வீட்டில் நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான். அதற்கே ஏறக்குறைய வருஷம் முழுக்க ஆனது.

சீட்டெடுத்து வசனம் வாங்கும் பழக்கம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் 1728-இல் சின்சென்டார்ஃப் பிரபு மொராவியச் சபையாருக்குத் தினம் ஒரு வாசகம் கொடுக்க ஆரம்பித்தார். காலையில் வீடு வீடாகப் போய் அன்றைய வாசகத்தைச் சொல்ல ஆள் இருந்தது. 1731-இலிருந்து அது புத்தகமாகவே அச்சாகி வருகிறது; இன்றைக்கும் வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். வாட்ச் நைட் ஆராதனையின் வேரும் அதே ஹெர்ன்ஹூட்தான். அந்தச் சபையார் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறித் தோட்டம் போட்டார்கள். ஆக, நாகர்கோவில் சித்தப்பாவுக்குப் பின்னால் முந்நூறு வருஷத்துப் பரம்பரை நிற்கிறது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுவார். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: ஹெர்ன்ஹூட்டில் வாசலில் ஆள் வந்து நின்றால் கதவைத் திறந்தாக வேண்டும். சொன்னவரும் கேட்டவரும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தெரிந்துவிடும்.

அட்டை போக, ஆச்சியிடம் வசனப் பெட்டி ஒன்றும் இருந்தது. சோப்புப் பெட்டி அளவு. உள்ளே நெருக்கி நிறுத்திய காகிதச் சுருள்கள், எடுப்பதற்குக் குட்டி இடுக்கி. விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால் பெட்டி வரும். இடுக்கி தொலைந்த பிறகு ஆச்சி கொண்டை ஊசியால் சமாளித்தாள். எந்தச் சுருளை எடுத்தாலும் இனிப்பாகவே வரும் என்பது அந்தப் பெட்டியின் விசேஷம். ஆமோஸ் திட்டமாட்டார், யோபு புலம்பமாட்டார், சங்கீதக்காரர் எதிராளியைச் சபிக்கமாட்டார். யாரோ எங்கேயோ உட்கார்ந்து அறுபத்தாறு ஆகமங்களையும் சலித்துக் கசப்பை எல்லாம் தள்ளிவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் பிடித்த வசனம் வரும்வரை விரலால் தள்ளித் தள்ளிப் போகிறார்கள் என்று பெரியவர்கள் புலம்பும்போது நான் வாயைத் திறப்பதில்லை. எங்கள் காலத்தில் தள்ளுகிற வேலையை அச்சகக்காரரே முடித்துக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

தாத்தா அந்தப் பெட்டியைத் தொடமாட்டார். மிஷன் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். ‘மிட்டாய் டப்பா’ என்பதுதான் அவர் அதற்கு வைத்த பெயர். அவர் நடத்தும் சாயங்கால ஜெபத்துக்கு ஒரே சட்டம்: ஆதியாகமத்தில் ஆரம்பித்தால் வெளிப்படுத்தின விசேஷம் வரை, ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், வரிசை மாறக்கூடாது, எதையும் தாண்டக்கூடாது. பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்க வேண்டும். நாளாகமம் முதல் புத்தகம் வந்தால் ஒன்பது அதிகாரத்துக்கு வெறும் பெயர்கள். யாருக்கு எந்தப் பெயர் வந்து மாட்டும் என்று முன்கூட்டியே எண்ணி இடம் மாறி உட்காருவோம். தாத்தா அதையும் கவனித்து, வாசிப்பை எதிர்ப்பக்கமிருந்து ஆரம்பிப்பார். லேவியராகமத்தில் குஷ்டரோகச் சட்டம் நடக்கையில் அடுப்பில் கறிக்குழம்பு வற்றும், ஆச்சி இருமுவாள், தாத்தா நிறுத்தமாட்டார். நியாயாதிபதிகளில் ஏகூத் குண்டு ராஜாவின் வயிற்றில் கத்தியைச் சொருகும் அதிகாரம் மட்டும் எங்களுக்கு உயிர். இன்னொரு தடவை வாசிக்கலாமா என்று கேட்போம். வாசித்ததற்கு விளக்கம், கேள்வி, ‘இன்று இது உனக்கு என்ன சொல்கிறது’ ஒன்றும் கிடையாது. பரமண்டல ஜெபம், சாப்பாடு.

அத்தைக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 அட்டை கிடைத்தது. தேவன் நம்மைக் குறித்து நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்ற வசனம். அட்டைகளிலேயே ராஜ அட்டை. அத்தை ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த வருஷமே ஆர்டர் வந்துவிடும் என்று தபால்காரரிடம்கூடச் சொல்லிவைத்தாள். மழைக்காலம் வந்தது, ஆர்டர் வரவில்லை. எங்கள் சாயங்கால ஜெபம் மெதுவாக எரேமியாவுக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாள் 28-ஆம் அதிகாரம். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். ஜனங்களுக்குக் கேட்க இதமாகத்தான் இருந்திருக்கும். அந்த வருஷமே செத்துப்போகிறான். மறுநாள் 29. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், சொப்பனம் சொல்லுகிறவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று போகிறது. பத்தாவது வசனம் என் முறை. திரும்பிவர எழுபது வருஷம் ஆகும் என்பதை நான்தான் வாசித்தேன். பதினொன்று அத்தையின் முறை. மனப்பாடமான வசனத்தைப் புத்தகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

ஜெபம் முடிந்ததும் கேட்டாள்: “ஏம்ப்பா, எழுபது வருஷம்னா எனக்குத் தொண்ணூத்தி நாலு ஆயிரும்லா?”

“ஆமா. அதுக்குத்தான் தோட்டம் போடச் சொல்லியிருக்கு” என்றார் தாத்தா.

அடுத்த வாரம் திண்ணையில் டியூஷன் ஆரம்பித்தாள். அரசாங்க ஆர்டர் வந்தபோது அவளிடம் படித்த முதல் பையன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தான்.

இப்போது அதே 29:11 காப்பிக் குவளையில் வருகிறது, போன் உறையில் வருகிறது, கார் பின்கண்ணாடியில் வருகிறது. பத்தாவது வசனத்தை ஒருவரும் அச்சடிப்பதில்லை. ‘எழுபது வருஷம்’ என்று போட்டால் குவளை விற்காது என்பது எனக்கும் புரிகிறது. மனம் புதிதாவது பற்றி ரோமர் 12:2 வேண்டிய மட்டும் வருகிறது. தன்னைப் பற்றி மிஞ்சி நினைக்காதே என்கிற அடுத்த வசனம் வருவதில்லை. அந்த அதிகாரம் முடிவதற்குள் பவுல் பசித்த எதிரிக்குச் சோறு போடவே சொல்லிவிடுகிறார். அதற்குச் சூரிய உதயப் படம் பொருந்தாது போலிருக்கிறது.

தேவ அன்பு விஷயத்தில்தான் எங்கள் குழுவுக்கு இன்னும் கெட்டிக்காரத்தனம். பெரியப்பா மகனுக்கும் சித்தப்பாவுக்கும் பனந்தோப்பு விஷயமாக முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. வாய்தா அன்றும் நாலரைக்குச் சித்தப்பா தேவ அன்பைப் பற்றி 1 யோவான் 4-இலிருந்து அனுப்புவார். பெரியப்பா மகன் முதல் ஆமென் போடுவான். அதே அதிகாரத்தின் இருபதாம் வசனம், கண்ட சகோதரனைப் பகைத்துக்கொண்டு காணாத தேவனிடம் அன்பு என்று சொல்பவனைப் பொய்யன் என்கிறது. அதை அனுப்பலாமா என்று எனக்கு அடிக்கடி கை துறுதுறுக்கும். இரண்டு தரப்பிலும் கல்யாணப் பத்திரிகை வர வேண்டியிருப்பதால் சும்மா இருக்கிறேன்.

எண்ணத்தை மாற்று என்ற உபதேசத்தையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். என் மாமா ஒருவர் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலை வேதப்புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதைப் படித்துத் தொழில் ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும். அதற்கும் முன்னால், 1952-இல், நார்மன் வின்சென்ட் பீல் என்ற அமெரிக்கப் போதகர் வசனங்களையே நேர்மறைச் சிந்தனைப் பயிற்சியாக்கிப் புத்தகம் போட்டு உலகம் முழுக்க விற்றார். அதெல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகங்கள். ஆமென் போட்டுக் கடந்துபோக வழி இருக்கவில்லை.

தின தியானம் எழுதுவது எப்படி என்று கேட்டால் நான் டோனாவூரைக் காட்டுவேன். எங்கள் திருநெல்வேலி ஜில்லாதான். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்து, 1901-இலிருந்து அங்கே பிள்ளைகளை வளர்த்தவர். 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கிடந்தார். அங்கிருந்து தம் டோனாவூர்க் குடும்பத்தாருக்குச் சின்னச் சின்னக் குறிப்புகளாக எழுதி அனுப்பினார். அவற்றைத் திரட்டித்தான் அவர் மறைவுக்குப் பின் ‘எட்ஜஸ் ஆஃப் ஹிஸ் வேஸ்’ என்ற தினவாசிப்பு நூல் வந்தது. ராத்திரி விழித்த நர்ஸ் யார், சலித்துப்போன டீச்சர் யார் என்று அவருக்குத் தெரியும். நோயாளிகளுக்காக நல்ல உடம்புக்காரர்கள் எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தமக்கு ஒட்டவில்லை என்று கண்டு, நோயாளிகளுக்காகவே 1933-இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். வலியோடு படுத்திருப்பவர் தேவ அன்பை நம்பு என்று சொன்னால் கேட்கலாம். கீபோர்டு பின்னணி தேவைப்படாது.

இப்படி நான் பழம்பெருமை பேசிக்கொண்டிருந்தபோதுதான் தங்கச்சி மகன் போன் செய்தான். சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் வேலை. வாலிபர் ஐக்கியத்தில் ஏதோ பந்தயமாம்: ஒரு வருஷத்தில் முழு வேதாகமம், வரிசையாக. டிராஃபிக்கில் நிற்கும்போது செயலியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுக்கொண்டே போகிறான்.

“மாமா, லேவியராகமம் பதினாலு தெரியுமா? வீட்டுச் சுவர்ல பச்சையும் சிவப்புமா குழி விழுந்திருந்தா ஆசாரியன் வந்து பார்க்கணுமாம். ஏழு நாள் வீட்டைப் பூட்டணுமாம். பரவியிருந்தா கல்லைப் பெயர்த்து, பூச்சைச் சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்டணுமாம். எங்க ஃப்ளாட் பெட்ரூம்ல அதே கலர்ல இருக்கு மாமா! பில்டர் ரெண்டாவது தடவையும் பெயிண்ட்டுதான் அடிச்சுட்டுப் போயிருக்கான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் அந்த அதிகாரத்தை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறான். செயலாளர் வருஷா வருஷம் மலைக்குப் போகும் ஐயப்ப பக்தர், பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற இன்ஜினியர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு, “கரெக்டாத்தான் எழுதியிருக்கான். மொதல்ல பூச்சைச் சுரண்டணும்” என்றாராம்.