அடுத்த மேட்ச் பார்ப்பம், தம்பி

மட்டக்களப்பின் வெபர் மைதானம், அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபரின் பெயரைத் தாங்குவது. பொடியன்களை விளையாட வைத்தவருக்கு ஒரு மைதானம். உட்கார வைத்த தேர்வாளர்களுக்கும் ஆளுக்கொன்று வைப்பதென்றால் வாவியையே தூர்த்தாலும் இடம் போதாது.

கிரிக்கெட் கழகங்களின் தேர்வு முறை எளிது. ‘இளைஞருக்கு வாய்ப்பு’ என்று அறிவித்து ஒரு பொடியனைச் சேர்ப்பார்கள். துடுப்பெடுத்தாட ஒன்பதாம் இடம்; பந்து கைக்கு வராது. கடைசி ஓவரில் 16 ஓட்டம் தேவைப்படும்போதுதான் அவன் ஞாபகம் வரும். அவுட்டானால், “தம்பிக்கு பிரஷர் தாங்காது, அடுத்த மேட்ச் பார்ப்பம்.”

அண்ணன்மார் வரிசையாகப் பூச்சியம் அடித்தால் அது அனுபவம்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் 2023இல் களத்தில் 18 பேர், மாறி மாறி இறங்க 4 பேர் இருந்தார்கள். பயிற்சியாளர் விரும்பியபோது இறக்க 23ஆவது ஆளும் இருந்தார். அங்கே பெஞ்சில் குந்தவும் சட்டம் இருக்கிறது. இங்கே செயலாளரின் முகக்குறிப்பு போதும்.

2020 லங்கா பிரீமியர் லீக்கில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ், யாழ்ப்பாணத்துப் பதின்வயதுப் பையன் விஜயகாந்த் வியாஸ்காந்திடம் பந்தைக் கொடுத்தது. முதல் விக்கெட் அஞ்சலோ மெத்யூஸ். வயதை விசாரித்துவிட்டு அவர் ஆட்டமிழக்கவில்லை.

2024 மே மாதம் சன்ரைசர்ஸ் அணிக்காக வியாஸ்காந்தின் ஐ.பி.எல். அறிமுகம்: 4 ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. அடுத்த போட்டிகளிலும் பந்து அவர் கையில்தான். வாவிக்கரைக் கழகமென்றால் மறுவாரமே ஸ்கோர் எழுத அனுப்பியிருக்கும்.