மனு என்றோர் இலக்கிய வகை

தமிழ் இலக்கியம் நல்ல தண்ணீரில்தான் விளையும் என்று பொது நூலக இயக்ககம் முடிவு கட்டிவிட்டது. 2022 நவம்பரில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா. 2023 சனவரியில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சென்னை இலக்கியத் திருவிழா. அடுத்தடுத்து கோவையில் சிறுவாணி, தஞ்சையில் காவிரி, மதுரையில் வைகை. ஐந்தில் நான்குக்கு ஆற்றின் பெயர். சென்னைக்கு மட்டும் ஊர்ப் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். ‘கூவம் இலக்கியத் திருவிழா’ என்று அச்சடித்தால் அழைப்பிதழே நாறிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம்.

நதிக்கரை நாகரிகத்தைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். நூலகத்தில் எழுத்தாளர் கூடுவதும், கல்லூரிப் பிள்ளைகள் அவர்களைக் கேள்வி கேட்பதும் நல்ல காரியம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. நதி போய்ச் சேருமிடத்தில் மனிதர் இருக்கிறார்களா என்று ஒருவராவது எட்டிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. நாட்டில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணி ஆறு பொன்னேரி வழியாக வந்து அதில்தான் விழுகிறது. ஆற்றோடு வந்த இலக்கியம் மட்டும் பொன்னேரியிலேயே இறங்கிக்கொண்டது போலிருக்கிறது.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவுக்குள் இருக்கிறது. அங்கே சூளூர்ப்பேட்டைப் பக்கம் பூநாரைக்கு அரசே விழா எடுக்கிறது. நல்லது. பூநாரை சாதி பார்க்காது, சம்பளம் கேட்காது, கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காராது. கால் மடக்கி நின்றால் போட்டோவுக்கும் அழகு. இந்தக் கரையில் கோட்டைக்குப்பத்துக்காரர் இடுப்பளவு தண்ணீரில் வலைக் கழியைப் பிடித்துக்கொண்டு அதே ஏரியில்தான் நிற்கிறார். ஆனால் இறக்கை முளைக்காத குற்றத்துக்கு என்ன செய்வது?

சரி, ஆறாவதாக ஒரு திருவிழா இங்கே வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். எப்படி நடக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸில் ஒரு படகு. நிஜப் படகு இருநூறு அடி தள்ளி நிற்கும், மீன் வாடை அடிப்பதால் அதை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்வார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசாகத் தெர்மோகோல் கப்பல். பேராசிரியர் ஒருவர் ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசி, கடற்கரைத் தலைவியின் கண்ணீருக்காகத் தாமும் குரல் தழுதழுப்பார். நிகழ்ச்சி முழுக்கப் பந்தல் ஓரத்தில் நின்ற கருவாட்டுக்காரம்மாவைக் கடைசியில் மேடைக்குக் கூப்பிட்டு, “அம்மா, ரெண்டே ரெண்டு வார்த்தை” என்பார்கள். அந்த அம்மா மைக்கைப் பிடித்து முகத்துவாரம் என்று ஆரம்பித்ததும் நேரமாகிவிட்டது என்று சீட்டு வரும். நாட்டுப்பண்.

தேதி குறிப்பதும் லேசு இல்லை. எதிரே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். அன்றைக்கு வருமானம் இல்லாமல் எல்லோரும் வீட்டில்தானே இருப்பார்கள், அன்றே விழாவை வைத்தால் கூட்டம் நிறையுமே என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றாமலா போகும்? தோன்றினால் அவருக்குப் பதவி உயர்வு நிச்சயம்.

இந்தக் குப்பத்துக்காரர் எழுத வேண்டுமானால் முதலில் யாராவது வந்து பயிலரங்கு நடத்த வேண்டும் என்றொரு நினைப்பு உண்டு. கோட்டைக்குப்பம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது ஐயா. நாவலோ ஹைக்கூவோ இல்லை. மனு. ஏரிக்கரையில் அதிகம் எழுதப்படுகிற, அதிகம் திருத்தப்படுகிற, அதிகம் பேர் கூடிக் கையெழுத்துப் போடுகிற இலக்கிய வகை அதுதான். ‘உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு’ என்று தொடங்கும். ‘சமூகம் கருணை கூர்ந்து’ என்று குனியும். நடுவில் நாலு வரி உண்மை. முடிவில் பெருவிரல் ரேகைகள். கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் வெள்ளைத்தாளும் அட்டையுமாக உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவரைவிட அதிகப் பக்கம் எழுதிய நாவலாசிரியரை எனக்குத் தெரியாது. அவருக்கு எந்தத் திருவிழாவிலும் நாற்காலி கிடையாது.

மனுவின் கருப்பொருளும் லேசுப்பட்டதல்ல. ஏரியும் கடலும் முட்டிக்கொள்ளும் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும். அடைத்தால் படகு தரைதட்டும். கடல் தண்ணீர் உள்ளே வராது, அதோடு வரவேண்டிய இறால் குஞ்சும் வராது. ஏரி தேங்கும், வெயிலில் உப்பேறும், மழையில் வெறும் குட்டையாகும். பழவேற்காட்டுச் சிறுவனுக்கும் தெரிந்த இந்த நீரோட்டப் பாடத்தைத் தலைமுறை தலைமுறையாக மனுவில் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, ஏற்புச் சீட்டு வாங்கி, பீரோவில் துணிக்கடியில் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஏற்புச் சீட்டுகளோடு ஒப்பிட, நெதர்லாந்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குப்பத்தின் பெயரில் இருக்கும் கோட்டை டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா. சோழமண்டலக் கரையின் வியாபாரத்துக்கு அவர்கள் தலைமையிடமே பல காலம் இதுதான். துணி ஏற்றினார்கள். மனிதர்களை அடிமையாக்கி பட்டாவியாவுக்கு ஏற்றினார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது. ஹேக் நகரத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. நானூறு வருடத்துக்கு முன் பழவேற்காட்டைச் சுரண்டியவனின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். போன வருடம் குப்பம் கொடுத்த மனு எங்கே என்று இங்கே கேட்டுப் பாருங்கள். “புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா.”

நூலகத்துறை ஒவ்வோர் ஆகஸ்டு 12ஆம் தேதியும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறது. அவர் 1931இல் ஐந்து விதிகள் சொன்னார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பது மூன்றாவது. இதை நம் ஆட்சியாளர் நன்றாகப் புரிந்துகொண்டு, எழுதுகிறவன் ஏழையாக இருந்தால் இந்த விதி செல்லாது என்று ஒரு உபவிதியைத் தாங்களே சேர்த்துவிட்டார்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நாலாவது விதி. விடியுமுன் தண்ணீரில் இறங்கி, காலை ஏலத்தில் நின்று, பகலில் வலைக்கண் பொத்துகிறவருக்கு எந்த நேரத்தில் நூலகம் திறந்திருக்க வேண்டும்? அதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்கிறவர் கரையைப் பார்த்ததில்லை. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள், ரங்கநாதனே தொடங்கிவைத்தார். இன்றைக்கு எல்லாருக்கும் கார் இருக்கிறது. ஆகவே வாசகன்தான் பஸ் மாறிக் கோட்டூர்புரம் வரவேண்டும்.

காசு இல்லையா என்றால், அதுவும் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரி. வீட்டு வரி ஒரு ரூபாய் கட்டினால் அதோடு பத்துப் பைசா நூலக வரி. ஓட்டு வீட்டுக்கும் உண்டு, மாடி வீட்டுக்கும் உண்டு. நீங்கள் ஒரு புத்தகத்தைக்கூடத் தொட்டதில்லை என்றாலும் உங்கள் பெயரில் ஒரு அலமாரி எங்கோ வாங்கப்பட்டிருக்கும். வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலகத்துக்குக் கட்டாமல் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருக்கும் செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகள் தீபாவளி மலர் மாதிரித் தவறாமல் வெளியிடுகின்றன. மாநிலத்தில் நாலாயிரத்து அறுநூற்றுக்கும் மேல் பொது நூலகங்கள். அவற்றில் ஊர்ப்புற நூலகத்தைத் திறந்து, கூட்டி, பேப்பர் போட்டு, பதிவேடு எழுதி, மழையில் ஒழுகும் இடத்தில் வாளி வைக்கிற நூலகருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம். இதில் ‘சிறப்பு’ என்றால் குறைவு. அவரும் பல ஆண்டாக ஊதிய உயர்வு கேட்டு எழுதுகிறார். என்ன எழுதுகிறார்? மனுதான். எழுத்தாளர் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகக் கட்டடம் எழுப்பினார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் ஊராட்சிகள். ஆட்சி மாறியதும் நூற்றுக்கணக்கானவற்றில் பூட்டுத் தொங்கியது. பூட்டைப் போட்டவர்களும் தமிழை உயிர் என்றவர்கள்தான், கட்டியவர்களும் அப்படித்தான். 2011இல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். உயர்நீதிமன்றம் தடுத்தது. கோட்டூர்புரத்துக்கு வக்கீல் கிடைத்தார். ஊராட்சி நூலகத்துக்குக் கிடைத்தது கரையான்.

எழுதத் தெரியாதவர், பேசத் தெரியாதவர் என்று குப்பத்தைச் சொல்வது வசதியான பொய். பேச வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்ற பயம்தான் உண்மை. எல் அண்ட் டி கட்டி, 2018இல் அதானி குழுமம் வாங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிக்கத் திட்டம் வந்தது. மக்கள் கருத்துக்கேட்பு 2021 சனவரி 22 என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள். எழுத்தாளர் யார், வாசகர் யார், தலைப்பு என்ன என்று எல்லாம் தெளிவாக இருந்த ஒரே இலக்கியக் கூட்டம் இந்தக் கரைக்கு அதுதான். அது மட்டும் நடக்கவில்லை. திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை கட்டுக்கட்டாக ஆங்கிலத்தில் இருக்கும், உள்ளூர் மொழியில் சுருக்கம் கொடுத்தால் போதும் என்பது சட்டம். முழு அறிக்கையையும் தமிழாக்கி ஊர் நூலகத்தில் வைத்து, ராத்திரி பத்து மணிக்கு விளக்குப் போட்டு, ஒருவர் படிக்க ஊரே உட்கார்ந்து கேட்கலாமே? ஐந்து திருவிழாவின் பொன்னாடைச் செலவு அந்த மொழிபெயர்ப்புக்குப் போதாதா?

ஊரைப் புனிதமாக்கவும் எனக்கு மனமில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றும் ஏரியைப் பங்கிட்டுக்கொள்கிற ‘பாடு’ முறை அருமையானது. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்து, சண்டையில்லாமல் ஓடுகிற ஒரு சட்டப் புத்தகம் அது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தில் பெண்ணின் பெயர் வராது. பாட்டு உரிமை இல்லாத குப்பங்களும், கையால் தடவி இறால் பிடிக்கிற இருளரும் அந்தப் புத்தகத்தின் அட்டைக்கு வெளியேதான் நிற்கிறார்கள். கலெக்டருக்கு மனு எழுதுகிற ஊர், தனக்கு வருகிற மனுவையும் பிரித்துப் படிக்கத்தான் வேண்டும். மேடை வருமானால் மைக் முதலில் தலைக்கட்டுக்காரரிடம் போகக்கூடாது.

ஆகவே ஆறாவது திருவிழாவை இப்படி நடத்தலாம் என்று நூலகத் துறைக்கு ஒரு யோசனை. எழுத்தாளர் யாரையும் வெளியிலிருந்து கூப்பிட வேண்டாம், எழுத்தாளர் இங்கேயே இருக்கிறார்கள். வாசகரை மட்டும் கூட்டி வாருங்கள். மாவட்ட நிர்வாகம், மீன்வளத் துறை, பொதுப்பணித் துறை, வனத் துறை, துறைமுகக் கம்பெனி, ஆளுக்கொரு நாற்காலி. பீரோவில் துணிக்கடியில் இருக்கும் மனு நகல்களை அந்தந்த வீட்டுப் பெண்களே கொண்டுவருவார்கள். விருந்தினர் எழுந்து நின்று, ஒரு மனுவை ‘உயர்திரு’ முதல் ரேகை வரை, ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிக்க வேண்டும். ‘ஆவன செய்யப்படும்’ என்று இடையில் சொன்னால் தொடக்கத்திலிருந்து மறுபடி. வாசித்து முடித்தவருக்கு மடவைக் குழம்பும் சோறும் உண்டு, வாசிக்காதவர் பொன்னேரியில் சாப்பிட்டுக்கொள்ளலாம். வாசித்த மனு அத்தனையும் எண் போட்டு, ரங்கநாதனின் கோலன் முறைப்படி வகைப்படுத்தி, பழவேற்காட்டில் ஒரு நூலக அலமாரியில் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும். தபால் பிரிவுக்கு அல்ல.

விழாவுக்கு ஊரில் வசூல் கிடையாது. ரூபாய்க்குப் பத்துப் பைசா ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.