பானெட்டைத் தொட்டுப் பார்க்கிறவர்

எங்கள் வீதியில் யார் பழைய கார் வாங்கப் போனாலும் அண்ணனைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர் மெக்கானிக் இல்லை. மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். சொந்தமாகக் காரும் இல்லை. டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று இருக்கிறது, அதுவும் மச்சான் கொடுத்தது. வாங்கும்போது அதில் எதையுமே பார்க்கவில்லையாம். "மச்சானுதுல என்னத்தப் பாக்கறதுங்க" என்பார்.

கோயமுத்தூர்ப் பக்கம் பழைய கார் விற்கும் இடத்துக்குக் கன்சல்டிங் என்று பெயர். அங்கே யார் யாரிடம் என்ன ஆலோசனை கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்று வரை விளங்கவில்லை. அந்தக் கன்சல்டிங் வாசலில் அண்ணனின் எக்ஸ்.எல். வந்து நின்றால், கடைப்பையனை டீக்கு அனுப்பிவிட்டு முதலாளியே எழுந்து வருவார். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் பேசுவது பக்கத்தில் நிற்கிற இன்னொரு கிராக்கியின் காதில் விழுந்துவிடக் கூடாதே என்கிற கவலை.

நான் சீட்டு எடுத்த பணமும் வீட்டம்மாவின் வளையலை அடகு வைத்த பணமுமாக இரண்டு லட்சத்தோடு அண்ணனிடம் போனேன். முழுதும் கேட்டுவிட்டு முதலில் கணக்கைத் திருத்தினார். "ரெண்டு லட்சம்னா வண்டி ஒன்னே முக்காலுக்குத்தானுங்க தம்பி. மீதி பேர் மாத்தறதுக்கு, இன்சூரன்சுக்கு, டயருக்கு, பேட்டரிக்கு. வாங்கின மொத மாசமே வண்டி கை நீட்டும். அப்ப இல்லைன்னு சொல்லக் கூடாது." இப்படியாக, வண்டி பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே என் வண்டியின் விலை கால் லட்சம் குறைந்தது. அண்ணனோடு தேடிய வரையில் விலை குறைந்தது அந்த ஒரு முறைதான்.

அண்ணனிடம் ஒரு மஞ்சப் பை உண்டு. அதற்குள் ஒரு டார்ச் லைட், பழைய பனியன் துணி, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற மருதமலை முருகன் காந்தம். கடை எதுவானாலும் சடங்கு ஒன்றுதான். போனதும் வண்டியைச் சுற்றிப் பார்க்கமாட்டார், விலை கேட்கமாட்டார். நேராகப் போய், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல பானெட்டில் புறங்கையை வைப்பார்.

"சூடா இருக்குதுங்களே."

"இப்பத்தாங்ணா ஒரு பார்ட்டிக்கு ஓட்டிக் காமிச்சோம்."

"சரிங்க. ஆறட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஏற்கெனவே ஓடிச் சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைத்துக்கொண்டு சமர்த்தாகக் கிளம்பிவிடும் என்பது அவர் சித்தாந்தம். குளிர்ந்து கிடக்கும் வண்டியைக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும் என்பார். புகை நீலமாக வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளையாக வந்து நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கடையில் வண்டி ஆறுவதற்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூன்று டீ வந்தது. மூன்றாவது டீயை வைத்துவிட்டுப் போகும்போது கடைப்பையன் முகத்தில் ஒரு வெறுப்பு தெரிந்தது. ஆறியதும் அண்ணன் ஆயில் மூடியைத் திறந்தார். அடியில் வெண்ணெய் திரண்டிருந்தது. கண்ணன் பார்த்திருந்தால் விட்டுவைத்திருக்கமாட்டான்.

"ஆயில்ல தண்ணி கலந்து கடைஞ்சிருக்குதுங்க" என்று மூடியைப் பொத்தினாற்போல் திருகிவிட்டு எழுந்துகொண்டார்.

இன்ஜின் தேறிவிட்டால் அடுத்தது முருகன். பையிலிருந்து காந்தத்தை எடுத்து, பனியன் துணியில் துடைத்து, கதவு, மட்கார்டு, டிக்கி என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்ப்பார். முருகன் நின்றால் தகரம், வழுக்கினால் பட்டி. அடிபட்டு நசுங்கிய இடத்தில் டிங்கரிங் செய்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து மினுமினுப்பாக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரிந்துவிடும். ஒரு வெள்ளை ஆல்டோவில் முன்கதவில் வைத்த முருகன் வழுக்கிக் கீழே விழுந்தார். அண்ணன் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விற்பவரைப் பார்த்து, "சாமியே நிக்க மாட்டீங்குதுங்க, நாங்க எப்படிங்க நிக்கறது?" என்றார்.

விற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அவர்களுக்கும் ஒரு மந்திரம் இருக்கிறது: "டாக்டர் வண்டிங்க." சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டினது, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போய் வந்தது. நாங்கள் பார்த்த பதினோரு வண்டியில் ஆறு டாக்டர் வண்டி, அதில் இரண்டு லேடி டாக்டர். இத்தனை டாக்டர்கள் இத்தனை காரை விற்றுக்கொண்டிருந்தால் நோயாளியை யார் பார்ப்பது என்று எனக்கே கவலையாகிவிட்டது. அப்படி ஒரு டாக்டர் வண்டியில் மீட்டர் நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. அண்ணன் மீட்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கீழே குனிந்து கிளச் பெடலில் டார்ச் அடித்தார். ரப்பர் வரியெல்லாம் தேய்ந்து கூழாங்கல்லாக இருந்தது. ஸ்டியரிங் வழவழத்துக் கிடந்தது. டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பள்ளம்.

"மீட்டர் நாப்பத்திரண்டாயிரமுங்க. பெடல் ஒன்னரை லட்சம் சொல்லுது. ரெண்டு பேரும் மொதல்ல பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்."

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 1819 என்றால் 2019ஆம் வருடம் பதினெட்டாவது வாரத்தில் செய்த டயர். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது அவர்தான். அதற்குப் பிறகு எங்கே கார் நின்றாலும் குனிந்து பார்க்கிற வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாண மண்டப வாசலில் அப்படிக் குனிந்திருந்தபோது, வாட்ச்மேன் காற்றைப் பிடுங்க வந்தவன் என்று நினைத்து விரட்டிவிட்டார்.

வெள்ளத்துக்கு அவர் வைத்திருக்கும் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கிக் கிடந்ததை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். அண்ணன் அதையெல்லாம், பின்னால் தன் முன் வந்து நிற்கப்போகும் வண்டிகளாகவே பார்த்திருக்கிறார். சென்னை நம்பர் என்றால் முதல் வேலையாக சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பார். வெளியே தெரிகிற பாகத்தைத்தான் எல்லோரும் கழுவுவார்கள், சுருண்டு உள்ளே கிடப்பதை யாரும் கழுவுவதில்லை. ஒரு வண்டியில் அப்படி இழுக்க இழுக்க, நடுவே சேற்றுக்கோடு ஒன்று பழுப்பாகத் தெரிந்தது. உள்ளே மல்லிகைப்பூ சென்ட் வேறு தலையைக் கிறுகிறுக்க வைத்தது. "நீச்சல் தெரிஞ்ச வண்டிங்க" என்று பெல்ட்டை விட்டார். அது சுருண்டு போய் ஒளிந்துகொண்டது.

நடுவில் எனக்கு ஒரு சபலம் வந்தது. ஃபோர்டு ஃபிகோ ஒன்று, அதே வருடத்து மாருதியைவிட நல்ல விலை குறைவு. ஓட்டிப் பார்த்தால் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது 2021இல். ஷெவர்லே அதற்கு முன்பே, 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டது. கம்பெனி போன வண்டி மலிவாகத்தானே கிடைக்கும், நமக்கென்ன என்று நான் வாதாடினேன். "வண்டி நல்ல வண்டிதானுங்க தம்பி. நாளைக்கு ஒரு ஹெட்லைட் உடைஞ்சா எங்க போய் அழுவீங்க? பார்ட்ஸுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு ரயிலேறணும்" என்றார். சான்ட்ரோ பார்த்தோம். அது டைமிங் பெல்ட் வண்டி. மாற்றிவிட்டோம் என்றார்கள். பில் கேட்டார், இல்லை. "பெல்ட் மாத்தினவன் பில்லைத் தொலைக்க மாட்டானுங்க" என்று திரும்பிவிட்டார்.

காகிதத்தில் மனிதர் இன்னும் மோசம். செல்போனில் எம்-பரிவாகன் செயலியைத் திறந்து, எத்தனையாவது ஓனர், ஹெச்.பி. இருக்கிறதா, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று அங்கேயே நின்று பார்த்துவிடுவார். ஹெச்.பி. என்றால் வண்டி மேல் உள்ள கடன். கடனைக் கட்டி முடித்திருந்தாலும் பாங்கியில் என்.ஓ.சி. வாங்கி ஆர்.சி.யில் நீக்காமல் விட்டிருந்தால், பேர் மாற்றும்போது நாம்தான் அலைய வேண்டும். விற்கிறவர்களையும் அவர் சும்மா விடுவதில்லை. எதிர்வீட்டுக்காரர் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டியை அனுப்பினார். வாங்கியவர் அதை பீரோவில் பத்திரப்படுத்திவிட்டார். அண்ணன் அவரை வீதியில் நிறுத்திவைத்துத் திட்டினார். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் நஷ்டஈடு அவர் தலையில் என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பாவம், எதிர்வீட்டுக்காரருக்கு அன்று முதல் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் கார் வாங்கவில்லை? நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன். பெரிய சரித்திரமே இருக்கிறது. 1998இல் சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்தன. அப்போது அண்ணனுக்குக் கல்யாணம் ஆன புதிது. புது வண்டிகள் வந்துவிட்டன, இனி பழைய மாருதி 800 விலை இறங்கும், இறங்கியதும் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று இருந்தார். 2000இல் ஆல்டோ வந்தது, இன்னும் இறங்கும் என்றார். 2009இல் நானோவே வந்துவிட்டது. இனி 800 தரைக்கு வந்துவிடும் என்று காத்திருந்தார். 2014இல் மாருதி 800 செய்வதையே நிறுத்திவிட்டார்கள். 1983இல் பிறந்த வண்டி, அண்ணனுக்காக முப்பது வருடம் பொறுத்துப் பார்த்திருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பழைய கார்களின் விலை இறங்குவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கியதும், அதை அவர் வீட்டுத் துக்கம்போல எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் கன்சல்டிங் பக்கமே போகவில்லை.

இதைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒன்றே முக்கால் லட்சத்தில் குறையில்லாத கார் கிடையாது. எந்தக் குறையோடு குடித்தனம் நடத்த முடியும் என்று பார்ப்பதுதான் எனக்குள்ள வேலை. அண்ணன் கூட இருந்தால் அது நடக்காது. அவர் குறையைக் கண்டுபிடித்த சந்தோஷத்திலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற ஆள்.

தைப்பூசத்துக்கு அண்ணன் பழனிக்குப் பாதயாத்திரை போனார். மறுநாளே நான் போத்தனூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு வாசலில் நின்றேன். 2013 மாடல் வேகன் ஆர். அந்த இன்ஜினில் பெல்ட் கிடையாது, செயின். பானெட்டில் புறங்கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. சீட் பெல்ட்டை இழுத்தேன், பெடலில் டார்ச் அடித்தேன், டயர் நம்பர் படித்தேன். வாத்தியார் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு ஃபைலை நீட்டினார். ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதி வாரியாக அடுக்கியிருந்தது. பிறகு விடைத்தாள் திருத்துகிற தோரணையில் அவரே குறைகளைச் சொன்னார்: "ஏ.சி. ஜில்லுன்னு ஆக கால் மணி நேரம் ஆகும். பின்னாடி ஒரு கண்ணாடி பாதிதான் இறங்கும். இடது பின்கதவு கேட்டுல இடிச்சு பட்டி பாத்தது, இடிச்சது நான்தான்." ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் கேட்டார், எண்பதுக்கு முடிந்தது. அண்ணன் போட்ட கணக்குக்கு ஐந்தாயிரம் கூட.

பழனியிலிருந்து கால் கொப்புளத்தோடு திரும்பிய அண்ணன், செருப்புக்கூடப் போடாமல் என் வீட்டு வாசலுக்கு வந்தார். பஞ்சாமிர்தத்தை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைச் சுற்றினார். மஞ்சப் பையிலிருந்து முருகன் வெளியே வந்தார். மூன்று கதவில் நின்றவர், இடது பின்கதவில் வழுக்கினார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரீட்சையில் காப்பியடித்த பிள்ளையைப் பார்க்கிற வருத்தம்தான் இருந்தது.

"எவ்வளவுங்க தம்பி?"

சொன்னேன்.

"பரவால்லீங்க. பத்தாயிரம் சேத்திக் குடுத்துப்போட்டீங்க."

நான் எந்த விலை சொல்லியிருந்தாலும் அதே பத்தாயிரம்தான் என்று எதிர்வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அவருக்கும் பத்தாயிரம்தானாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணன் மஞ்சப் பையோடு என் வண்டியின் முன்சீட்டில் ஏறிவிடுகிறார். யாருக்காவது எங்கேயாவது ஒரு வண்டி பார்க்க வேண்டியிருக்கிறது. போன வாரம் அன்னூர், அதற்கு முந்தின வாரம் பொள்ளாச்சி. ஏ.சி. ஜில்லென்று ஆவதற்குள் நாலு கன்சல்டிங்கைப் பற்றிச் சொல்லி முடிக்கிறார். உங்களுக்கும் பழைய கார் பார்க்க வேண்டுமானால் சொல்லுங்கள், அழைத்து வருகிறேன். வண்டி ஆறும் வரை உட்கார நாற்காலியும், பெட்ரோலுக்கு ஐந்நூறு ரூபாயும் எடுத்து வையுங்கள். அண்ணன் காசு வாங்கமாட்டார். நான் வாங்குவேன்.