இனி இறக்கம்தான்

மிதிவண்டியில் நெடும்பயணம் போகும் குழு எதுவாயினும் அதில் மிதிப்பவர் பலர், பாதை வகுப்பவர் ஒருவர். தேசிய நெடுஞ்சாலையைத் தீண்டாமல் ஊர்ச்சாலை, ஏரிக்கரை, வண்டிப்பாதை ஆகியவற்றை ஒன்றோடொன்று கோத்து, வியாழக்கிழமை இரவே வரைபடமாக அனுப்பிவைத்து, ஞாயிறு விடிவதற்குள் மற்றவர்களை அதில் இறக்கிவிடும் இவரைப் ‘பாதை வகுப்பாளர்’ என்று அழைப்பது பொருந்தும். இவர் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர். திருச்சியிலோ பெரம்பலூரிலோ வங்கி, கல்லூரி, காப்பீடு போன்ற நாற்காலித் தொழில் ஒன்றில் இருப்பவர். வாரத்தின் ஆறு நாட்களில் முதல் மாடிக்கும் லிஃப்டுக்காகக் காத்திருப்பவர். ஏழாம் நாளில் மட்டும் மேடு தேடுபவர்.

தமிழகம் எங்கும் காணப்படும் இவ்வகையினர் தழைப்பதற்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப் போல் வாய்த்த நிலம் அரிது. நீலகிரியிலோ ஏற்காட்டிலோ மலை கண்முன் நிற்பதால், ஏற்றம் இல்லை என்று அங்கே யாரையும் நம்பவைக்க இயலாது. இங்கோ மேற்கே 500 முதல் 1,000 மீட்டர் வரை உயர்ந்த பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே முந்திரித் தோப்புகள் என எல்லைகள் அமைந்திருக்க, நடுவிலுள்ள நிலம் மலையும் ஆகாமல் சமவெளியும் ஆகாமல் ஓடைக்கு ஓடை தாழ்ந்து ஊருக்கு ஊர் எழுகிறது. காரில் போகிறவருக்கு இது தெரிவதே இல்லை. மிதிவண்டியில் போகிறவருக்கு இதைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ஏற்றத்தை மறுக்கப் போதுமான அளவு தட்டையாகவும், பின்னர் அதைப் பறைசாற்றப் போதுமான அளவு மேடாகவும் இருக்கும் இந்நிலமே வகுப்பாளரை உருவாக்கியது எனலாம்.

இவருடைய தனித்திறமை கணக்கில் உள்ளது. புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ‘நிகர ஏற்றம்’ எனப்படும்; வழியில் ஏறிய மேடுகள் அனைத்தையும் கூட்டி, இறங்கியவை எவற்றையும் கழிக்காமல் விட்டால் கிடைப்பது ‘கூட்டு ஏற்றம்’. பத்து மீட்டர் மேடு ஒன்றில் பத்து முறை ஏறி இறங்கியவருக்கு நிகர ஏற்றம் சுழி, கூட்டு ஏற்றம் நூறு மீட்டர். இவ்விரு கணக்குகளையும் மிதிவண்டிக்காரர் அனைவரும் அறிவர். பயணத்துக்கு முன் நிகர ஏற்றத்தை மட்டுமே பேசுவது, பயணத்துக்குப் பின் கூட்டு ஏற்றத்தை மட்டுமே பேசுவது என்னும் நெறியைக் கண்டறிந்து, அதிலிருந்து இம்மியும் பிறழாமல் வாழ்வதே வகுப்பாளர் இத்துறைக்கு அளித்த கொடை.

பெரம்பலூர் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்திலும் அரியலூர் ஏறத்தாழ 75 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், முன்னதிலிருந்து பின்னதற்குப் போகும் பாதை எப்படி வளைந்தாலும் மொத்தத்தில் இறக்கம்தான் என்பது இவருடைய முதல் வாதம். பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு இந்நிலத்தைக் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது, அது எங்கும் மேடேறியதாகச் செய்தி இல்லை என்பது இரண்டாம் வாதம். வழியிலுள்ள நிலத்தில் ஒரு பகுதி சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் கிடந்தது என்பதை நினைவூட்டி, “கடல் தரையில மேடு எங்கேருந்து சார் வரும்?” என்று கேட்பது மூன்றாம் வாதம். மூன்றிலும் சொல்லப்படும் தகவல்கள் உண்மை என்பதே அவற்றின் ஆபத்து. ஆறு பள்ளத்தைத் தேடிப் போகிறது. சாலையோ வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டில் கட்டப்பட்ட ஊர்களைத் தேடிப் போகிறது. ஆற்றின் கணக்கு சாலைக்கு ஒத்துவராது என்பது குழுவினருக்குப் புலப்படும்போது அவர்கள் மூன்றாவது தரைப்பாலத்தைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள். முன்னால் போகும் வகுப்பாளர் திரும்பிப் பார்த்து, “அவ்வளவுதான், இனி இறக்கம்தான்” என்பார்.

வகுக்கப்பட்ட பாதை பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நேராகப் போவதில்லை. போகவேண்டிய திசைக்கு நேர் எதிராக, மேற்கே பச்சைமலை அடிவாரத்திலுள்ள லாடபுரத்துக்கு முதலில் போகும். மயிலூற்று அருவி அதற்குச் சொல்லப்படும் காரணம். பிறகு நக்கசேலம், செட்டிகுளம் வழியாக வந்து, ஆலத்தூர் கேட்டில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, காரை, சாத்தனூர் என்று வளைந்து கிழக்கு நோக்கும். வரைபடத்தில் இல்லாதவை பல இப்பாதையில் உண்டு. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதி களமாகி அதில் மக்காச்சோளம் காய்கிறது. குறுக்குவழியாகச் சேர்க்கப்பட்ட ஏரிக்கரையில் சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து டியூப் வரை போய்விடுகிறது. வகுப்பாளர் பஞ்சர் ஒட்டுவதில் கைதேர்ந்தவராக இருப்பதற்கு அவர் வகுக்கும் பாதைகளே காரணம். பாதை சிறுவாச்சூர் வழியாகப் போகும் வாரங்களில் மதுரகாளியம்மன் தரிசனமும் நிரலில் இடம்பெறும். அக்கோயிலின் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும், குழு வருவதோ ஞாயிற்றுக்கிழமை என்பதால், கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்னும் முதுமொழியை அவர் ஒவ்வொரு முறையும் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

மேட்டின் கடுமையை அளப்பது சரிவு விழுக்காடு: நூறு மீட்டர் முன்னேறும்போது சாலை ஆறு மீட்டர் உயர்ந்தால் அது 6 விழுக்காட்டுச் சரிவு. இதை வெல்வதற்காக வகுப்பாளரின் வண்டியில் பல கியர்கள் உள்ளன. அவற்றுள் மிக இலகுவானதில் முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் 34 பற்களே என்பதால், பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுற்றி ஏறத்தாழ 2.1 மீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 40 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்; அது மனிதன் நடக்கும் வேகம். ஊர்ப் பெரியவரின் கியரில்லா வண்டியிலோ முன்னே 44 பல், பின்னே 18 பல் என்பது வழக்கமான அமைப்பு. மேட்டில் அதை மிதிப்பது பெரும்பாடு என்பதால் அவர் இறங்கி, கேரியரில் சின்ன வெங்காய மூட்டையோடு, வண்டியை உருட்டிக்கொண்டு நடக்கிறார். ஆகவே மேடு முடியும்வரை இருவரும் தோளுக்குத் தோள் சேர்ந்தே போகின்றனர். பேசுவதற்கு மூச்சு மிச்சமிருப்பது ஒருவருக்கு மட்டுமே. “எறங்கி உருட்டுனா என்ன தம்பி, ரெண்டும் ஒரே நேரந்தான ஆவுது?” என்று அவர் கேட்கிறார். வகுப்பாளரின் சமயத்தில் இறங்கி உருட்டுவது பாவம். ஆனால் தக்க காரணம் இருந்தால் நிற்கலாம்.

தக்க காரணங்களில் தலையாயது புவியியல். காரைப் பகுதியில் பழங்கடலின் மென்மையான களிமண் படிவுகளை மழைநீர் அரித்து அரித்து, செடி வேர்கொள்ள முடியாத மொட்டைக் குன்றுகளும் ஓடைப் பிளவுகளுமாக ஆக்கியிருக்கிறது. கடல் தரையில் மேடு எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு நிலமே தந்த விடையாக அது எதிரே விரிந்திருக்க, வகுப்பாளர் அதையே காட்டி விளக்கத் தொடங்குகிறார். விளக்கத்தின் நீளம் சரிவு விழுக்காட்டுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் உணர்வர். சரிவு 3 விழுக்காடாயின், டைனோசர்களின் காலத்தில் வாழ்ந்து அழிந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுயிரோடு நிறுத்திக்கொள்வார். 6 விழுக்காடாயின், இப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்ட பிளான்ஃபோர்டும் உடன் வருவார். 8 விழுக்காடாயின், இங்குக் கிடைத்த தொல்லுயிர் எச்சங்களை வகைப்படுத்திய ஸ்டொலிச்கா 1874இல் காரகோரம் கணவாயைக் கடந்து திரும்புகையில் லடாக்கில் உயிர்நீத்த வரலாறு முழுவதையும் கேட்டாக வேண்டும். ஆனால் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் சாத்தனூரில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பிலுள்ள அந்த அரிய சின்னத்தின் முன், அவர் இரண்டே வாக்கியங்கள் பேசிவிட்டுக் கிளம்புகிறார். அங்கே அவருக்கு மூச்சு வாங்குவதில்லை.

மற்றொரு தக்க காரணம் டீக்கடை. கடைக்காரர் முதலில் கேட்பது வண்டியின் விலையை. உண்மை விலையைச் சொன்னால் ஊரார் கூடிவிடுவார்கள், குறைத்துச் சொன்னால் உடன்வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள் என்னும் இக்கட்டில் வகுப்பாளர், “பதினோரு கிலோதாண்ணே” என்று எடையைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார். வெங்காயச் சந்தையில் பழகிய கடைக்காரரிடம் அது செல்வதில்லை, “சரி சார், கிலோ என்ன வெலைக்கு விழுந்துச்சு?” என்று அவர் அடுத்து கேட்கிறார்.

அரியலூரை நெருங்க நெருங்க மேடுகள் குறைந்து லாரிகள் மிகுகின்றன. அதே பழங்கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லைச் சுரங்கங்களிலிருந்து சிமெண்டு ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லும் அவை கடந்துபோகும்போதெல்லாம் குழுவினர் இடப்பக்க மண்ணில் இறங்கிக் கண்ணை மூடிக்கொள்கின்றனர். ஊருக்குள் நுழைகையில் அவர்களுள் யார் யார் என்று பிரித்தறிவது கடினம்.

அன்று மாலை இரண்டாம் கணக்கு அரங்கேறுகிறது. காலையில் இல்லாத மேடுகள் அனைத்தும் இப்போது மீட்டர் மீட்டராகக் கூட்டப்படுகின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்பது பாரிஸ் ஆடாக்ஸ் சங்கம் வகுத்த நெடும்பயண விதி. அவ்விதிப்படி தாம் முன்பு பெற்ற பதக்கம் ஒன்றை நினைவுகூர்ந்து, இன்றைய பாதை அதனினும் கடினம் என்று வகுப்பாளர் தீர்ப்பளிக்கிறார். ஒரே நாளில் இரண்டு மாவட்டங்களைக் கடந்த சாதனையும் பதிவாகிறது. 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002இல் மீண்டும் அதனோடு இணைந்த அரியலூர், 2007 நவம்பர் 23இல் மறுபடியும் தனி மாவட்டமாகாதிருந்தால், இதே உழைப்பு ஒரு மாவட்டத்துக்குள்ளேயே முடிந்துபோயிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் குழு கலைவதில்லை. உள்ள மேடுகளை உள்ளபடி சொல்லும் நேர்மையாளர் ஒருவர் பாதை வகுத்திருந்தால் அனைவரும் ஞாயிறு முழுவதும் உறங்கியிருப்பர். காரையின் பிளவுகளையும் சாத்தனூரின் கல்மரத்தையும் பாடநூலில் மட்டுமே கண்டிருப்பர். இதை உணர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் வகுப்பாளரின் சொல்லை நம்பாமலே அவர் பின்னால் போகப் பழகிக்கொண்டனர். ஆடி மாதத்துக்கென்று அவர் வகுப்பது அரியலூரிலிருந்து கங்கைகொண்டசோழபுரம் போகும் பாதை. அதில் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றம் இல்லை என்பது இம்முறை உண்மையே. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து கிழக்கு நோக்கி வீசும் ஆடிக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும் என்பதும் உண்மையே. அதே காற்று திரும்பும்போது முகத்தில் அறையும் என்பதைப் பற்றி வியாழக்கிழமை வரைபடத்தில் ஒரு குறிப்பும் இல்லை. மூத்த உறுப்பினர்கள் அதைக் கேட்பதும் இல்லை. பெரம்பலூருக்குத்தான் ரயில் பாதையே கிடையாது, அரியலூருக்கு உண்டு என்பதை எண்ணி, அங்கிருந்து மாலையில் திருச்சிக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துவைத்துக்கொள்கின்றனர்.