யார் அந்த மூன்று பேர்?

ஊரில் நடப்பதை உலகுக்குச் சொல்வதுதான் செய்தி நிறுவனத்தின் பிழைப்பு. அப்படிப்பட்ட ஏஎன்ஐ, தன்னைப் பற்றி ஊரார் எழுதியதைத் தாங்க மாட்டாமல் 2024 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றப் படியேறியது. போன மானத்துக்குப் போட்ட விலை 2 கோடி ரூபாய். ஆளும் அரசின் பிரசாரக் கருவியாக அது இயங்குகிறது என்ற குற்றச்சாட்டு இருப்பதாக ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரை சொன்னதுதான் பாவம்.

சொன்னவர் கற்பனையில் சொல்லவில்லை. விக்கியில் அது நடக்காது. கண்ணால் கண்டதையே எழுதினாலும் ‘மேற்கோள் தேவை’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். கேரவன் இதழ் தொடங்கி ஐரோப்பாவின் ஈயூ டிஸ்இன்ஃபோலேப் வரை சான்றுகள் அடியில் கிடந்தன. கனம் நிறுவனத்தாருக்கோ வேறொரு மனக்குறை: நாங்கள் திருத்தினால் அழிக்கிறார்களே, பக்கத்தையும் பூட்டிவிட்டார்களே! பின்னே? தன் நன்னடத்தைச் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளவா அந்தப் பக்கம்? ஆட்சேபம் இருந்தால் உரையாடல் பக்கத்தில் ஆதாரத்தோடு வாதாடலாம். குரலை உயர்த்தி ஜெயிக்க முடியாத இடம் அது. தொலைக்காட்சி விவாதம் பார்த்துப் பழகியவர்களுக்குக் கஷ்டம்தான்.

ஆகஸ்டில் நீதிமன்றம் விக்கிப்பீடியாவுக்கு உத்தரவிட்டது: அந்தப் பக்கத்தைத் திருத்திய மூன்று பயனர்கள் யார், இரண்டு வாரத்தில் விவரம் கொடு. சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து காற்புள்ளி திருத்துகிற ஜீவன்கள்! தேர்தல் பத்திரத்தில் கோடிகளைக் கொட்டியவர் யார் என்று கேட்டபோது, கொடையாளரின் அந்தரங்கம் புனிதமானது என்று வாதாடிய அரசு ஆளும் நாடு இது. அதே 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்த பிறகுதான் பட்டியல் வெளிவந்தது. பணம் கொடுத்தவனுக்கு முகமூடி, பைசா வாங்காதவனுக்குச் சம்மன்.

செப்டம்பரில், விக்கிப்பீடியாவைப் பார்த்து, இந்தியா பிடிக்காவிட்டால் இங்கே வேலை செய்யாதே என்றார் நீதிபதி. அதையும் பத்திரிகைச் சான்றோடு யாரோ விக்கியில் ஏற்றினார்கள். வழக்கைப் பற்றிய அந்தப் பக்கத்தையே 36 மணி நேரத்தில் தூக்கச் சொல்லி அக்டோபரில் ஆணை வந்தது. தூக்கினார்கள். அந்த ஆணை தவறு என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது 2025 மே.

திருத்துவது நம் ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காத வேலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2023இல் என்சிஇஆர்டி பாடநூல்களில் காந்தி கொலை பற்றிய வரிகள் காணாமல் போயின. அவர்களே வெளியிட்ட நீக்கப் பட்டியலில்கூட அவை இல்லை. கவனக்குறைவாக இருக்கலாமாம்! விக்கியில் ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் யார், எப்போது, எதை என்று ‘வரலாறு’ பொத்தானுக்குள் விழுந்துவிடுகிறது. இவர்கள் அஞ்சுவது அந்தப் பொத்தானுக்கு.

மனம் புண்பட்டவர்களுக்கு ஒரு தகவல். விக்கியில் கணக்குத் தொடங்கக் காசில்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஒரு நிறுவனத்திடம் கூலி வாங்கிக்கொண்டு திருத்துபவர், கூலி கொடுப்பது யார் என்று அறிவித்துவிட்டே திருத்த வேண்டும். 2014 முதல் அதுதான் விதி. வேண்டுமானால் இதற்கும் ஒரு தடையாணை வாங்கிப் பார்க்கலாம்.